ஆழத்தைச் சொல்லும் ஓர் எபிரேய வினைச்சொல்: புதிதாகப் படிப்பவர்களுக்கு

பழைய ஏற்பாட்டை எபிரேயத்தில் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலரும் ‘கிருபை’, ‘சமாதானம்’ போன்ற பெரிய சொற்களில் கை வைக்கிறார்கள். அவை நூற்றுக்கணக்கான இடங்களில் வரும். எல்லாவற்றையும் பார்ப்பதற்குள் களைத்துப்போய், அகராதியில் முதல் வரியில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். என் யோசனை வேறு. முதலில் எடுப்பது சின்னச் சொல்லாக இருக்கட்டும். ஒரே சாயங்காலத்தில் அது வரும் இடங்கள் அத்தனையையும் உட்கார்ந்து பார்த்து முடித்துவிட வேண்டும்.

அப்படி ஒரு சொல்தான் ’ஆமக். ‘ஆழமாயிரு’ என்று பொருள். வினைச்சொல்லாக எபிரேய வேதத்தில் மொத்தம் 9 வசனங்களில், வசனத்துக்கு ஒரு முறை என்று 9 முறைதான் வருகிறது. ஆனால் அந்த ஒன்பதுக்குள் எபிரேய இலக்கணத்தின் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. ஒன்பதில் எட்டு இடங்களில் இது ‘ஆழமாக இருந்தது’ என்று சொல்லவே இல்லை. யாரோ ஒருவர் ஒரு காரியத்தை ஆழமாகச் செய்தார் என்றுதான் சொல்கிறது. வேர்ச்சொல்லின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் இது கண்ணில் படாது. வினை எந்த வடிவத்தில் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மூன்று எழுத்துகள்

எபிரேய வினைகள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளால் ஆனவை. நம் சொல்லின் மூன்று எழுத்துகள் ஆயின், மேம், கோப். இவற்றின் வடிவத்தைக் கற்றுக்கொள்ள முதல் நாளே புதுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 119-ஐத் திறந்தால் ஆலெப், பேத் என்று தொடங்கி 22 எபிரேய எழுத்துகளின் பெயர்களும் எட்டெட்டு வசனங்களுக்கு ஒரு தலைப்பாக இருக்கும். 97-ஆம் வசனத்துக்கு மேலே மேம், 121-க்கு மேலே ஆயின், 145-க்கு மேலே கோப். அதே சங்கீதத்தை எபிரேய எழுத்தில் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் திறந்து, 121-ஆம் வசனத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள். அதுதான் ஆயின். அந்த எட்டு வசனங்களும் அதே எழுத்தில்தான் தொடங்கும். மற்ற இரண்டையும் இப்படியே பிடித்துவிடலாம். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒலி. ஆயின் தொண்டையின் அடியிலிருந்து வரும் மெய்யெழுத்து. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. அதனால் ஆயின் வரும் இடத்தில் இந்தக் கட்டுரையில் ’ என்று ஒரு சின்னக் குறி போடுகிறேன். கோப் என்பது உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் அழுத்தமான க். குர்ஆன் ஓதப் பழகிய தமிழர்களுக்கு இந்த இரண்டு ஒலியும் புதிதல்ல. அரபியின் அய்ன், காஃப் இவைதாம். வேரும்கூட ஒன்றுதான்: அரபியில் ‘ஆழமான’ என்பதற்கு ’அமீக் என்பார்கள், ஹஜ்ஜைப் பற்றிய 22:27-ஆம் வசனத்தின் கடைசிச் சொல் அது. இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் ஆயினை உச்சரிப்பதில்லை, கோப்பைச் சாதாரண க் ஆகவே சொல்கிறார்கள். யேமன் நாட்டு யூதர்களின் வாசிப்பைக் கேட்டால் பழைய தொண்டை ஒலி கேட்கும். வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தில் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆயினையும் ஆலெப்பையும் மாற்றிவிட்டால் அகராதியில் வேறு பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஒன்பது வசனங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்

தமிழ் வேதாகமத்தில் ‘ஆழம்’ என்று தேடி இந்த வசனங்களைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வினை வரும் பல இடங்களில் தமிழில் அந்தச் சொல் இல்லை. இன்னொரு பக்கம், தமிழில் ‘ஆழம்’ என்று இருக்கும் பல இடங்களில் எபிரேயத்தில் வேறு சொல் இருக்கிறது. ஆதியாகமம் 1:2-இல் ஆழத்தின்மேல் இருள் இருந்தது என்கிறோமே, அது தெஹோம். சங்கீதம் 42:7-இல் ஆழத்தை ஆழம் கூப்பிடுவதும் தெஹோம்தான். நம் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை.

ஆகவே எண்ணை வைத்துத் தேடுங்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் இருக்கிறது. பைபிள் ஹப், ப்ளூ லெட்டர் பைபிள் போன்ற தளங்கள் எல்லாம் இன்றும் அந்த எண்ணையே பயன்படுத்துகின்றன. நம் வினைக்கு எண் 6009. போட்டுத் தேடினால் கிடைப்பவை: சங்கீதம் 92:5, ஏசாயா 7:11, 29:15, 30:33, 31:6, எரேமியா 49:8, 49:30, ஓசியா 5:2, 9:9.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எபிரேயப் பதிப்பில் சங்கீதம் 92:5-ஐத் தேடினால் வேறு வசனம் வரும். ‘ஓய்வுநாளுக்கான பாட்டாகிய சங்கீதம்’ என்ற தலைப்பையே எபிரேயத்தில் முதல் வசனமாக எண்ணிவிடுவதால், நம்முடைய 5 அங்கே 6. எல்லாச் சங்கீதத்திலும் இப்படி என்றில்லை. 130-ஆம் சங்கீதத்தின் தலைப்பு சின்னது, முதல் வசனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் அங்கே எண் மாறாது. மற்ற எட்டு வசனங்களுக்கும் இரண்டு பதிப்பிலும் ஒரே எண்தான்.

ஒன்பதையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு காலி இடம் விடுங்கள். ஒன்று ‘வடிவம்’, இன்னொன்று ‘கூட வரும் சொல்’. இந்த இரண்டையும் நிரப்புவதுதான் மீதி வேலை.

எளிய வடிவம்: ஒரே ஓர் இடம்

எபிரேய வினைக்கு ஏழு முக்கிய வடிவங்கள் உண்டு. அதில் அடிப்படையானதை ‘கல்’ என்பார்கள். (நம் கல் இல்லை, எபிரேயத்தில் அதற்கு ‘இலேசானது’ என்று பொருள்.) நம் வினை இந்த வடிவத்தில் வருவது சங்கீதம் 92:5-இல் மட்டும்: மெஓத் ’ஆமெக்கூ மஹ்ஷெவோதேகா. ‘உமது யோசனைகள் மகா ஆழமானவைகள்.’

இங்கே கவனிக்க மூன்று விஷயம் இருக்கிறது. தமிழில் ‘ஆழமானவைகள்’ என்பது பெயரிலிருந்து வந்த சொல். ஆழம் என்ற பெயரோடு ‘ஆன’ சேர்த்துத்தான் சொல்கிறோம். எபிரேயத்தில் அது முழு வினை. ‘ஆழமாயிரு’ என்பதே ஒரு வினைச்சொல், ஓடு, நட என்பதைப் போல. இப்படி நிலையைச் சொல்லும் வினைகள் எபிரேயத்தில் நிறைய உண்டு: பெரிதாயிரு, உயரமாயிரு, வயதாயிரு. அதே வசனத்தின் முதல் பாதியில் ‘உமது கிரியைகள் எவ்வளவு மகத்துவமானவைகள்’ என்று வருகிறதே, அங்கேயும் காதெலூ என்று அப்படிப்பட்ட வினைதான். காதெலூ, ’ஆமெக்கூ என்று இரண்டும் ஒரே ஓசையில் அமைந்திருக்கின்றன. வசனத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்தால் கவிஞர் இரண்டையும் ஜோடியாக நிறுத்தியிருப்பது காதிலேயே தெரியும்.

இரண்டாவது, கடைசியில் நிற்கும் ‘ஊ’. அது படர்க்கைப் பன்மை விகுதி. ‘யோசனைகள்’ என்பது எபிரேயத்தில் பெண்பால் சொல். ஆனால் இந்தக் காலத்தில் பன்மை விகுதி ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றுதான். ஆகவே வினையில் பெண்பால் அடையாளத்தைத் தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவது, காலம். இந்த வடிவத்தைப் பாடப்புத்தகங்கள் ‘முற்று’ என்றும், இறந்தகாலம் போன்றது என்றும் சொல்லித்தரும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு ‘ஆழமாயிருந்தன’ என்று மொழிபெயர்த்தால், இப்போது அப்படி இல்லையோ என்று தோன்றும். நிலையைச் சொல்லும் வினைகள் முற்று வடிவத்தில் நின்றாலும் நிகழ்காலப் பொருள் தரும். தமிழ் வேதாகமம் ‘ஆழமானவைகள்’ என்று காலம் காட்டாமல் விட்டது சரியான முடிவு.

அகராதிக்கு அகராதி தலைச்சொல் கொஞ்சம் மாறுபட்டிருப்பதையும் பார்ப்பீர்கள். காரணம் இதுதான்: எளிய வடிவம் ஒரே இடத்தில் வருகிறது, அந்த இடத்தில் இரண்டாம் உயிரொலி தேய்ந்து குறுகிவிட்டது. அது முதலில் அ-வா ஓ-வா என்று அந்த ஒரு சொல்லை வைத்து முடிவு செய்ய வழியில்லை. அதனால் அகராதிக்காரர்கள் ஊகித்துத்தான் எழுதுகிறார்கள்.

எட்டு இடங்களின் வடிவம்: ஹிஃபீல்

மீதி எட்டும் ஹிஃபீல் என்ற வடிவம். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். திருந்தினான், திருத்தினான். ஆழ்ந்தது, ஆழ்த்தினான். தமிழில் சொல்லின் முடிவில் வல்லினம் ஏறிப் பிறவினை ஆகிறது. எபிரேயத்தில் சொல்லின் முன்னால் ‘ஹி’ ஏறி, நடுவில் ‘ஈ’ வந்து பிறவினை ஆகிறது. காதல் (பெரிதாயிருந்தான்), ஹிக்தீல் (பெரிதாக்கினான்).

அப்படியானால் நம் சொல் ‘ஹி’மீக்’ என்று வர வேண்டும். ஆனால் வருவது ஹெ’மீக். இதற்கு ஆயின்தான் காரணம். தொண்டை ஒலிக்கு முன்னால் ‘இ’ நிற்பதை எபிரேய நாக்கு விரும்பாது, ‘எ’ ஆக்கிவிடும். புதிதாகப் படிப்பவர் ‘ஹி’யைத் தேடிக்கொண்டிருந்தால் இந்தச் சொல்லை ஹிஃபீல் என்று அடையாளம் காணவே முடியாது. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால், ஆயின், ஹே, ஹேத், ஆலெப் ஆகியவற்றில் தொடங்கும் வேறு பல வினைகளுக்கும் அது உதவும்.

உங்கள் தாளில் வடிவம் என்ற இடத்தை நிரப்புங்கள். ஏசாயா 30:33-இல் ஹெ’மீக், ‘அவர் ஆழமாக்கினார்’. ஏசாயா 31:6, ஓசியா 5:2, 9:9 மூன்றிலும் ஹெ’மீக்கூ, ‘அவர்கள்’. எரேமியாவின் இரண்டு இடத்திலும் எழுத்து அதேதான், ஆனால் பொருள் ஏவல் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). ஏசாயா 29:15-இல் ஹம்ம’அமீக்கீம், ‘ஆழமாக்குகிறவர்கள்’. முன்னால் ‘ம’ வந்தால் அது செய்கிறவரைக் குறிக்கும் பெயரெச்சம் போன்ற வடிவம், அதற்கும் முன்னால் நிற்கும் ‘ஹ’ சுட்டு. ஏசாயா 7:11-இல் ஹ’மேக், ஒருமை ஏவல்.

கூடவே என்ன வருகிறது?

இந்தப் படியில்தான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். ‘ஆழமாக்கு’ என்று பொருள் எழுதிவிட்டு எட்டு வசனத்திலும் அதைப் பொருத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். ஏசாயா 30:33. அசீரிய ராஜாவுக்கு ஆயத்தம் பண்ணின தோப்பேத் என்ற எரிக்கும் இடத்தைப் பற்றிய வசனம். ஹெ’மீக் ஹிர்ஹிவ்: ஆழமாக்கினார், அகலமாக்கினார். குழி, விறகு, நெருப்பு என்று கண்ணால் பார்க்கக்கூடிய காரியம். கிணற்றை ஆழப்படுத்தினார்கள் என்று நாம் சொல்வோமே, அதே பயன்பாடு.

மற்ற இடங்களில் அப்படியே வைத்தால் தமிழ் முரண்டு பிடிக்கும். ஓசியா 9:9-ஐப் பாருங்கள்: ஹெ’மீக்கூ ஷிஹேதூ. வார்த்தைக்கு வார்த்தை வைத்தால் ‘ஆழமாக்கினார்கள், கெடுத்தார்கள்’. இரண்டு முற்று வினைகள், நடுவில் ‘உம்’ கூட இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. எதை ஆழமாக்கினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஏனென்றால் இங்கே முதல் வினை தனியாக ஒரு செயலைச் சொல்லவில்லை. இரண்டாம் வினை எப்படி நடந்தது என்று சொல்கிறது. ‘ஆழமாய்க் கெட்டுப்போனார்கள்’. நியாயாதிபதிகள் 19-இல் வரும் கிபியாவின் கொடுமையைத் தீர்க்கதரிசி இங்கே உவமை காட்டுகிறார். அந்த அளவுக்குக் கேடு உள்ளே இறங்கிவிட்டது என்பதுதான் பேச்சு.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டிய விஷயம். ‘ஆழ்ந்து யோசித்தான்’ என்கிறோம். ‘ஆழ்ந்து’ என்பதும் வினையிலிருந்து வந்ததுதான், ஆனால் அங்கே ஒருவரும் எதிலும் மூழ்கவில்லை. யோசித்த விதத்தைச் சொல்கிறோம். நாம் முதல் வினையை எச்சமாக்கி, இரண்டாவதை முற்றாக வைக்கிறோம். எபிரேயம் இரண்டையும் முற்றாகவே நிறுத்திவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் வேறு பல வினைகளும் பிடிபடும். சங்கீதம் 33:3-இல் வாத்தியத்தை ‘நன்றாக வாசி’ என்பதற்கு எபிரேயத்தில் இருப்பது ‘நன்றாக்குங்கள் வாசிக்க’ என்ற அமைப்பு. ஏசாயா 55:7-இல் மிகுதியாய் மன்னிக்கிறார் என்பதற்கு ‘மன்னிக்கப் பெருக்குவார்’ என்ற அமைப்பு. எல்லாம் ஒரே குடும்பம்.

ஏசாயா 29:15-இலும் எரேமியாவின் இரண்டு வசனத்திலும் இரண்டாம் வினை ‘செய்ய’ என்ற எச்ச வடிவில் வருகிறது. 29:15 இப்படிப் போகிறது: ‘கர்த்தரிடமிருந்து ஆழமாக்குகிறவர்களுக்கு ஐயோ, ஆலோசனையை மறைக்க’. தமிழில் சரியாகச் சொன்னால், கர்த்தருக்குத் தெரியாமல் தங்கள் திட்டத்தை ஆழப் புதைத்து வைக்கிறவர்கள். இந்த வசனத்தில் ‘லஸ்தீர்’ (மறைக்க) என்ற சொல்லும் ஹிஃபீல்தான். லெஹஸ்தீர் என்று வர வேண்டியது நடுவில் ‘ஹ’ விழுந்து சுருங்கியிருக்கிறது. கர்த்தர் என்ற பெயருக்கு முன்னால் நிற்கும் ‘மே’ (இருந்து) என்ற ஒட்டை விட்டுவிடாதீர்கள். வெறுமனே ஆழத்துக்குப் போகவில்லை, கர்த்தரை விட்டு விலகி ஆழத்துக்குப் போகிறார்கள். மறைந்துகொண்டு ‘நம்மைக் காண்கிறவர் யார்?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் அர்த்தமே இந்த ஒட்டில் இருக்கிறது. இந்த ஒன்பது வசனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சங்கீதம் 92 கர்த்தருடைய யோசனைகள் ஆழம் என்கிறது. இங்கே மனிதர்கள் தங்கள் யோசனையை அவருக்கு எட்டாத ஆழத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

எரேமியா 49:8-இல் தேதானின் குடிகளுக்குச் சொல்வது: ‘ஓடுங்கள், திரும்புங்கள், ஆழமாக்குங்கள், குடியிருக்க’. தேதான் வடமேற்கு அரேபியாவில் இருந்த ஒரு பாலைவனச் சோலை, இன்றைய அல்-உலா. சுற்றிலும் பாறையும் பள்ளமும் குகையும். படை வரும்போது எட்டாத இடத்துக்குள்ளே போய்த் தங்குங்கள் என்பதே கருத்து. தமிழ் வேதாகமம் இதைப் பதுங்குவதாகச் சொல்லியிருக்கிறது. ‘ஆழமாய்க் குடியிருங்கள்’ என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

ஏசாயா 31:6-இல் கூட வருவது வினை இல்லை, ஒரு பெயர்ச்சொல்: ஸாரா, விலகிப்போதல். ‘விலகுதலை ஆழமாக்கினார்கள்’. அதாவது வெகுதூரம் விலகிப்போனார்கள். இங்கே இன்னொன்று: ‘திரும்புங்கள்’ என்று முன்னிலையில் தொடங்கிய வசனம், ‘ஆழமாக்கினார்கள்’ என்று படர்க்கைக்குத் தாவுகிறது. அச்சுப்பிழையோ என்று பயப்பட வேண்டாம். தீர்க்கதரிசிகளின் பேச்சில் இது அடிக்கடி நடக்கும்.

முடிச்சு விழுந்த இடங்கள்

மூன்று இடத்தில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. புதியவர்கள் இவற்றைக் கடைசியில் பார்ப்பது நல்லது. ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

ஏசாயா 7:11. ஆகாஸ் ராஜாவிடம், கர்த்தரிடம் ஓர் அடையாளம் கேள் என்று சொல்லப்படுகிறது. ஹ’மேக் ஷெஆலா, ஓ ஹக்பேஹ லெமா’லா. இரண்டாம் பாதி தெளிவு: ‘அல்லது மேலே உயர்த்து’. முதல் பாதியில் ஷெஆலா என்ற சொல்தான் பிரச்சினை. இப்போதுள்ள உயிர்க்குறிகளின்படி அது ‘கேள்’ என்ற ஏவல். அப்படியானால் ‘ஆழமாக்கு, கேள்’, அதாவது ஓசியா 9:9-ஐப் போன்ற ஜோடி. ஆனால் எபிரேயத்தில் முதலில் எழுதப்பட்டவை மெய்யெழுத்துகள் மட்டுமே. புள்ளியும் கோடுமான உயிர்க்குறிகளை மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு சேர்த்தார்கள். அதே மெய்யெழுத்துகளை ஷெஓலா என்றும் வாசிக்கலாம். அப்போது ‘பாதாளம் வரைக்கும்’ என்று பொருள். ‘மேலே’ என்ற சொல்லுக்கு எதிரே ‘பாதாளத்துக்கு’ என்பது அழகாகவே பொருந்துகிறது. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் பாதாளம் என்றே வாசித்தார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘ஆழத்துக்கோ உயரத்துக்கோ’ என்று பொதுவாக விட்டது. நான் பாதாளம் என்ற வாசிப்பின் பக்கம்தான் சாய்கிறேன். உங்கள் தாளில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

எரேமியாவின் ஹெ’மீக்கூ. சுற்றியுள்ள சொற்கள் ஏவல், ‘ஓடுங்கள்’ என்பதைப் போல. பன்மை ஏவலாக இருந்தால் முதல் எழுத்து ‘ஹ’ என்று வர வேண்டும். ஆனால் குறி ‘ஹெ’ என்று இருக்கிறது, இது ‘ஆழமாக்கினார்கள்’ என்ற முற்றின் வடிவம். இரண்டு வசனத்திலும் இப்படியே. இலக்கண நூல்கள் இதைத் தனியே குறிப்பிட்டு, ஏவலாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. மொழிபெயர்ப்புகளும் அப்படியே செய்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, வசனம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் புதியவருக்குக் கிடைக்காது.

ஓசியா 5:2. எபிரேயத்தில் உள்ளபடியே வாசித்தால் முதல் இரண்டு சொல்லும் விளங்குவது கஷ்டம். முந்தின வசனத்தில் மிஸ்பாவில் கண்ணி, தாபோரில் வலை என்று வருகிறது. அதைத் தொடர்ந்து ‘சித்தீமில் ஆழமாய்த் தோண்டின குழி’ என்று இருந்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி, வலை, குழி என்று வேட்டைக்காரரின் மூன்று கருவிகளும் வரிசையாக வந்துவிடும். அதற்கு எழுத்தில் சின்ன மாற்றம் தேவைப்படும். அந்த வாசிப்பு சரியென்றால் இதுவும் ஏசாயா 30:33-ஐப் போல நிஜமான தோண்டல்.

சொந்தக்காரச் சொற்கள்

வினையை முடித்த பிறகு, அதே மூன்றெழுத்தில் பிறந்த பெயர்ச்சொற்களைப் பாருங்கள். ஸ்ட்ராங் எண் 6010 முதல் 6013 வரை வரிசையாக இருக்கின்றன. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் இவை எல்லாம் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

’ஆமோக் என்பது ‘ஆழமான’ என்ற பெயரடை. நீதிமொழிகள் 20:5-இல் மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர் என்பது இந்தச் சொல். பிரசங்கி 7:24-இல் இதையே இரண்டு தரம் அடுக்கி, ’ஆமோக் ’ஆமோக் என்று சொல்லி ‘மகா ஆழம்’ என்ற பொருளைக் கொண்டுவருகிறார். அதே சொல் லேவியராகமம் 13-இல் தோல் நோயைப் பார்க்கும் ஆசாரியனின் வாயிலும் வருகிறது, அங்கே தமிழில் ‘பள்ளம்’. ஏசாயா 33:19, எசேக்கியேல் 3:5 ஆகிய இடங்களில் ‘ஆழமான உதடு’ உள்ள ஜனம் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. பேசுவது நமக்கு விளங்காத அந்நியர்கள் என்று அதற்குப் பொருள்.

ம’அமக்கீம் என்பது ‘ஆழங்கள்’. முன்னால் ‘ம’ ஏறியிருப்பதால் இது மட்டும் அந்த வரிசையில் இல்லை, எண் 4615. சங்கீதம் 130:1: ‘கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.’ சங்கீதம் 69:2-இல் இதே சொல் தண்ணீரோடு சேர்ந்து வரும்போது தமிழில் ‘நிலையாத ஜலம்’ என்று போட்டிருக்கிறார்கள். கால் ஊன்ற நிலை இல்லாத தண்ணீர். ஆற்றங்கரையில் வளர்ந்த ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு போல இருக்கிறது, அவ்வளவு பொருத்தம். அதே வசனத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஆழமான உளை’ மட்டும் வேறு வேரில் பிறந்தது.

’ஏமெக் என்பது பள்ளத்தாக்கு. இங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வேரில் ஆழம் இருப்பதால், ’ஏமெக் என்றாலே செங்குத்தான, இருண்ட பள்ளம் என்று சிலர் விளக்குகிறார்கள். அது தவறு. யோசுவா 17:16-இல் கானானியர் இருப்பு ரதங்களோடு இருப்பது இந்த ’ஏமெக்கில்தான். ரதம் ஓட வேண்டுமானால் அகலமான சமவெளி வேண்டும். சங்கீதம் 65:13-இல் தானியம் மூடி நிற்பதும் இதே நிலம். தாவீது கோலியாத்தைச் சந்தித்த ஏலா பள்ளத்தாக்கும், யெஸ்ரயேல் பள்ளத்தாக்கும் ’ஏமெக். மலைகளிலிருந்து பார்த்தால் கீழே விரிந்து கிடக்கும் வயல்வெளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 23-இன் மரண இருளின் பள்ளத்தாக்கு இந்தச் சொல் இல்லை, அது கே என்ற வேறு சொல். வேரின் பொருளை எல்லா இடத்திலும் திணித்தால் எங்கே வழுக்கி விழுவோம் என்பதற்கு ’ஏமெக் ஒன்றே போதும்.

அடுத்து என்ன செய்யலாம்?

இப்போது தாளில் இரண்டு இடமும் நிரம்பியிருக்கும். தமிழ் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, ஒன்பது வசனத்தையும் உங்கள் தமிழில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ‘ஆழமாக்கினார்கள்’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நின்று, எதை ஆழமாக்கினார்கள் என்று கேளுங்கள். குழி, விலகுதல் என்று பதில் வந்தால் அப்படியே இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் ‘ஆழ்ந்து’, ‘ஆழமாய்’, ‘வெகுதூரம்’, ‘முற்றிலும்’ என்று மாற்றி, அடுத்த வினையை முற்றாக்குங்கள். இதற்குப் பிறகு பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து ஒப்பிட்டால், அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்பது ஒவ்வொரு வசனத்திலும் புரியும்.

இந்தச் சொல் முடிந்ததும் இதற்கு எதிர்ச்சொல்லான காவஹ்-வை எடுங்கள், ‘உயரமாயிரு’. எண் 1361. ஏசாயா 7:11-இலேயே அதன் ஹிஃபீலைப் பார்த்துவிட்டோம், ஹக்பேஹ. இது இன்னும் பல இடங்களில் வரும். மரம் உயர்வதும் வானம் உயர்ந்திருப்பதும் இருதயம் மேட்டிமை கொள்வதும் இதே வினைதான். சங்கீதம் 113:5-இல் உன்னதத்தில் வாசம்பண்ணுகிற கர்த்தர் என்ற இடத்தில் எபிரேயத்தில் என்ன அமைப்பு நிற்கிறது என்று பாருங்கள். எரேமியா 49:8-இல் பார்த்த ‘குடியிருக்க’ என்ற அதே வினைதான் அங்கேயும் கூட வருகிறது.